நாற்பத்தொரு நாள் பச்சைத் தண்ணீர்

பெட்டியின் பூட்டை அழுத்த அவளால் முடியவில்லை. விரல் மூட்டு ஒவ்வொன்றும் வீங்கி, கட்டைவிரல் ஒரு பக்கமும் மற்ற நான்கும் வேறு பக்கமுமாக விறைத்து நின்றன. இரண்டு முறை முயன்றாள். மூன்றாவது முறை முழங்கையால் ஓங்கி ஒரு குத்து விட்டாள். பூட்டிக்கொண்டது.

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமை, சாயந்தரம் நாலு மணிக்குப் பஸ். நான் மக வீட்டுக்குப் போறேன்" என்றாள்.

"ஏம்மா, இன்னும் ரெண்டு நாள் பொறுத்துக்க. ஹீட்டருக்குப் பார்ட்ஸ் வந்துடும்" என்றார் கணவர்.

"பார்ட்ஸ்! நாப்பத்தொரு நாளா வந்துக்கிட்டே இருக்கு உங்க பார்ட்ஸ். நடந்து வருதா, தவழ்ந்து வருதா?"

அவர் காலி கேஸ் சிலிண்டரைக் கைவண்டியில் வைத்துக் கட்டி, மாற்றிக்கொண்டு வருவதாக முணுமுணுத்துவிட்டுப் படியிறங்கினார். அவர் போன திசையைப் பார்த்துக்கூட அவள் நிற்கவில்லை. கதவை அறைந்து சாத்தினாள். அவர்கள் குடியிருந்த அந்த மோட்டார் வீடு, நான்கு சக்கரத்தின் மேலே ஒருமுறை ஆடி அடங்கியது.

வெந்நீர் வரவில்லை என்பதற்காகவா ஒருத்தி முப்பத்து நான்கு வருட வாழ்க்கையை உதறிவிட்டுப் போவாள் என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள். ஆனால் கேட்பதற்கு முன்னால் அந்தக் கைகளை ஒருமுறை பார்த்துவிட்டுக் கேளுங்கள்.

பெண்களுக்கான ஓர் அழகு நிலையத்தில் இருபத்தாறு வருடம் தலை கழுவிய கைகள் அவை. முடி வெட்டுகிறவர்களுக்கு உயரமான நாற்காலியும் கண்ணாடியும் உண்டு. அவளுக்குப் பின்கட்டில் மூன்று கறுப்புத் தொட்டிகளும் ஒரு குழாயும். கழுத்தைத் தொட்டியின் விளிம்பில் சாய்த்து யார் படுத்தாலும், தண்ணீரை முதலில் தன் மணிக்கட்டின் உள்பக்கத்தில் விட்டுப் பார்ப்பாள். அங்கே சரியென்று பட்ட பிறகுதான் அடுத்தவர் தலைக்குப் போகும். ஒரு தலையில்கூட ஒரு சொட்டுக் குளிர்ந்த நீர் விழுந்ததில்லை. கண்ணை மூடிப் படுத்த எத்தனையோ பெண்கள் அந்தக் கதகதப்பில் காரணம் சொல்லாமல் அழுதிருக்கிறார்கள். அவள் எதுவும் கேட்டதில்லை. கொஞ்சம் கூடுதல் நேரம் தண்ணீர் விடுவாள், அவ்வளவுதான். "இன்னைக்கு வெந்நீர் வந்திருக்காங்களா?" என்று போனில் விசாரித்துவிட்டுத்தான் பலர் வருவார்கள். வெந்நீர் என்பதே அவள் பெயராகிவிட்டது.

ஆனால் அந்தக் கடையின் முதலாளியம்மா ஒரு சட்டம் வைத்திருந்தாள். வெந்நீர் வாடிக்கையாளருக்கு மட்டும். நனைந்த துண்டுகளை அலச வேலைக்காரிகளுக்குப் பச்சைத் தண்ணீர். கொதிப்பிலிருந்து குளிருக்கும், குளிரிலிருந்து கொதிப்புக்குமாக ஒரு நாளைக்கு முப்பது தடவை. எந்த எலும்பு தாங்கும்? கடைசியில் விரல்கள் மடங்க மறுத்தன. "காலையில எழுந்ததும் கால் மணி நேரம் சூடான தண்ணியில கையை வெச்சிருங்க. குளிர்ந்த தண்ணி பக்கமே போகாதீங்க" என்றார் டாக்டர். முதலாளியம்மா ஒரு பூங்கொத்தைக் கொடுத்து அனுப்பிவைத்தாள். பூங்கொத்தைப் பிடிக்கவும் விரல் வேண்டும் என்பது அந்த மகராசிக்குத் தெரியவில்லை.

கணவர் ஒரு துணிச்சாயப் பட்டறையில் முப்பத்தொரு வருடம் பாய்லர் ஓட்டியவர். "ஒருத்தி வெந்நீர், ஒருத்தர் பாய்லர். உங்க வீட்டுப் பக்கம் குளிர்காலம் எட்டிப் பார்க்கவே பயப்படும்" என்று நாத்தனார் கேலி செய்வாள். அவர் ஓய்வு பெற்ற பிறகு வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, பழைய மோட்டார் வீடு ஒன்றை வாங்கி ஊர் ஊராகப் போகலாம் என்றார். அவளுக்கு ஊர் பார்க்கும் ஆசை இல்லை. முடியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். அப்போது அவர் கட்டிலுக்குக் கீழே இருந்த பலகையைத் தூக்கி, வெள்ளை உறை போட்ட ஒரு சின்னத் தொட்டியைக் காட்டினார்.

"இது உனக்கே உனக்கு. இருபது லிட்டர். கேஸ்லயும் காயும், கரண்ட்லயும் காயும். குழாயைத் திறந்தா கொட்டும். இனிமே உன் கை பச்சைத் தண்ணியைத் தொடாது."

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவள் வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுத்தாள்.

முதல் நாள் வெந்நீர் கொட்டியது. உண்மை. விரல்கள் ஒவ்வொன்றாக இளகின. அன்று அவள் தன் தலையைத் தானே பின்னிக்கொண்டாள். மறுநாள் காலை குழாயைத் திறந்தாள். ஐஸ் மாதிரி வந்தது. கேஸ் அழுத்தம் குறைவு என்றார். அதற்கடுத்த வாரம், காற்றடித்துத் தீ அணைகிறது என்றார். பிறகு கரண்ட் கம்பி கருகிவிட்டது என்றார். பிறகுதான் அந்தப் பார்ட்ஸ் வரத் தொடங்கியது.

குளிர்காலம் என்பதால் வண்டிகளை நிறுத்தும் மைதானங்களில் பொதுக் குளியலறைகளைப் பூட்டி வைத்திருந்தார்கள். தினமும் காலையில் அவரே அடுப்பில் ஒரு சின்னப் பாத்திரத்தை வைத்து அவள் கைக்குத் தண்ணீர் காய்ச்சுவார். பாத்திரத்தை மூடமாட்டார். பக்கத்திலேயே காவல் நிற்பார். "மூடி போட்டா சீக்கிரம் காயும்ல?" என்று அவள் ஒருநாள் தட்டை எடுத்து வைத்தபோது, "எடு அதை!" என்று கத்திவிட்டார். கெட்டிலின் விசிலைக்கூடக் கழற்றி எறிந்திருந்தார். வயதான கோளாறு என்று அவளும் விட்டுவிட்டாள். அந்த அடுப்பில் பெரிய பாத்திரம் உட்காராது. அந்தத் தண்ணீர் ஒரு கைக்குப் போதும்; இன்னொரு கையை வைப்பதற்குள் ஆறிவிடும். குளியல் என்பது ஈரத்துணியால் துடைத்துக்கொள்வது என்றாகிவிட்டது.

நேற்றுக் காலை அவளால் சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை. கூப்பிட்டாள். அவர் வந்து குழந்தைக்குப் போடுவதுபோல ஆறு பொத்தானையும் தலைகுனிந்து போட்டுவிட்டார். ஆயிரக்கணக்கான தலைகளைத் தாங்கியவள், தன் சட்டையை மூட அடுத்தவர் கையை எதிர்பார்த்து நின்றாள். அந்த நிமிடமே அவள் முடிவு செய்துவிட்டாள்.

ஆனால் போவதற்கு முன்னால் ஒன்று தெரிய வேண்டும். அந்த ஹீட்டருக்கு என்னதான் கேடு?

இரண்டு வண்டி தள்ளி நின்ற பச்சை வேனில் ஒரு மெக்கானிக் பெண் இருந்தாள். மைதானத்துக்கு வரும் வண்டிகளின் குழாய், அடுப்பு, பிரேக் எல்லாம் அவள் கையில்தான். எல்லோரும் அவளை ஸ்பேனர் என்றுதான் கூப்பிட்டார்கள். கணவர் சிலிண்டரோடு போன பத்தாவது நிமிடம் இவள் போய் அவளைக் கையோடு இழுத்து வந்துவிட்டாள்.

"அக்கா, உங்க வீட்டுக்காரரே பாய்லர் ஓட்டினவராமே. அவர் பார்த்ததுல நான் கை வெச்சா கோவிச்சுக்க மாட்டாரா?"

"கோவிச்சுக்கட்டும். நாப்பத்தொரு நாளா நான் கோவிச்சுக்கிட்டிருக்கேன். ஒருநாள் அவர் முறை."

ஸ்பேனர் சிரித்துக்கொண்டே மெத்தையைச் சுருட்டினாள். அவர் தலைவைத்துப் படுக்கும் பக்கத்துக்கு நேர் கீழே இருந்த பலகையைத் தூக்கி, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு உள்ளே நுழைந்தாள். வெளியே அவள் கால்கள் மட்டும்தான் தெரிந்தன.

"என்ன ஆச்சு? ரொம்ப மோசமா?"

ஸ்பேனர் பின்வாக்கில் ஊர்ந்து வந்து உட்கார்ந்தாள். முகத்தில் சிரிப்பு இல்லை.

"அக்கா, இதுல ரிப்பேர்னு ஒண்ணுமே இல்லை."

"என்ன சொல்றே?"

"பைபாஸ் வால்வைத் திருப்பி வெச்சிருக்கு. குளிருக்கு வண்டியைச் சும்மா போட்டு வைக்கும்போது தொட்டியில தண்ணி உறைஞ்சுடக்கூடாதுன்னு இப்படித் திருப்புவாங்க. தண்ணி தொட்டிக்குள்ள போகாது. அதை விட்டுட்டு நேரா உங்க வெந்நீர்க் குழாய்க்கு வந்துடும். பச்சையாத்தான் வரும். தொட்டி காலி. கேஸை மூடியாச்சு. கரண்ட் வயரைக் கழட்டி டேப்பும் சுத்தியாச்சு."

"யாரு?"

"அது எனக்கெப்படித் தெரியும்? ஆனா விஷயம் தெரிஞ்ச கை. காலித் தொட்டியில யாராவது தெரியாம சுவிட்சைப் போட்டா கம்பி கருகிடும். அது கருகக்கூடாதுன்னு பார்த்துப் பண்ணியிருக்காங்க. வயர்ல டேப் சுத்தியிருக்கிற நேர்த்தியைப் பாருங்களேன்."

அவள் குனிந்து பார்த்தாள்.

கறுப்பு டேப். சரியாக இரண்டு சுற்று. முடியும் இடத்தில் நுனியை மடித்து, ஒரு சின்னக் காது மாதிரி நீட்டி விட்டிருந்தது.

அந்தக் காதை அவளுக்குத் தெரியும். இஸ்திரிப் பெட்டியின் வயரில், மகளின் சைக்கிள் விளக்கில், வீட்டில் ஒட்டுப்போட்ட ஒவ்வொரு பொருளிலும் முப்பத்து நான்கு வருடமாகப் பார்த்த காது. "பின்னாடி பிரிக்கிறவன் நகத்தால சுரண்டிக்கிட்டு நிக்கக்கூடாது" என்பார். அவள் விரல்கள் வீங்கிய பிறகு அந்தக் காது பெரிதாகியது. ரொட்டிப் பாக்கெட்டை மூடினால்கூட அவள் இரண்டு விரலால் பற்றி இழுக்கிற மாதிரி ஒரு காது வைத்துத்தான் ஒட்டுவார்.

அதே கை! அவளுக்காக ரொட்டிப் பாக்கெட்டில் காது வைத்த அதே கை, அவள் வெந்நீரை அடைத்துவிட்டு அங்கேயும் ஒரு காது வைத்திருக்கிறது!

அவளுக்கு உச்சந்தலை வரை பற்றி எரிந்தது. அழுகை வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஸ்பேனர், அதைத் திருப்பு. எல்லாத்தையும் மாட்டு. இப்பவே."

வால்வு திரும்பியது. சமையல் குழாயைத் திறந்து வைக்கச் சொன்னாள் ஸ்பேனர். முதலில் இருமுவதுபோலக் காற்று வந்தது. பிறகு காற்றும் தண்ணீருமாகத் துப்பியது. தொட்டி நிரம்பியதும் சீராக ஒழுகியது. அதன் பிறகுதான் வயரை மாட்டிச் சுவிட்சைப் போட்டாள். வண்டியின் வெளிச்சுவரில் இருந்த சின்னக் கதவைத் திறந்து, அங்கே நீட்டிக்கொண்டிருந்த சேஃப்டி வால்வின் பிடியை ஒருமுறை தூக்கிப் பார்த்தாள். "நல்லா ஓடுது. அரை மணி நேரம்" என்றாள்.

அரை மணி நேரம் ஆக ஐந்து நிமிடம் இருக்கும்போது கைவண்டியின் சத்தம் கேட்டது. அவர் படியில் காலை வைத்தார். சுருட்டிய மெத்தையைப் பார்த்தார். தூக்கிய பலகையைப் பார்த்தார். தொட்டிக்குள் தண்ணீர் சூடேறும் அந்த மெல்லிய இரைச்சல் அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். முகம் சாம்பலாக வெளுத்தது.

"அணை! அதை அணைச்சுட்டு எல்லாரும் வெளிய வாங்க!"

"அணைக்க மாட்டேன். இது யாரு பண்ணின வேலை?" அவள் கையில் அந்த டேப் துண்டு இருந்தது. அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். "சொல்லுங்க. யாரு காது இது?"

"அப்புறம் சொல்றேன், முதல்ல வெளிய..."

"நாப்பத்தொரு நாள்! கேஸ்னீங்க, காத்துன்னீங்க, பார்ட்ஸுன்னீங்க! பொத்தான் போடத் தெரியாத கைப்பிள்ளை மாதிரி நேத்து நின்னேனே, அப்பக்கூடவா உங்களுக்கு வாய் வரலை? எந்த ஜென்மத்துப் பகை உங்களுக்கு என் மேல?"

அவர் அவளைப் பார்க்கவில்லை. வெளிச்சுவரில் இருந்த அந்தச் சின்னக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். சேஃப்டி வால்வின் நுனியில் ஒரு சொட்டு திரண்டது. தொங்கியது. விழுந்தது. அடுத்தது திரண்டது.

"பார்த்தியா, சொட்டுது" என்றார். அவர் குரலாகவே இல்லை. "முதல் நாளும் இப்படித்தான் சொட்டிச்சு."

"சொட்டத்தான் செய்யும், ஐயா" என்றாள் ஸ்பேனர், கையைத் துடைத்தபடி. "சூடானா தண்ணி பெருகும். உள்ள இடம் பத்தலைன்னா நாலு சொட்டு வெளிய துப்பும். துப்பினா நல்லதுதான். அழுத்தம் ஏறியும் துப்பலைன்னாத்தான் பயப்படணும். பாய்லர் ஓட்டின உங்களுக்கு நான் சொல்லணுமா?"

அவ்வளவுதான். அந்த மனிதர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஆறு வருடத்துக்கு முன்னால் பட்டறையில் பாய்லர் வெடித்தது அவளுக்குத் தெரியும். அவருடைய கூட்டாளி அதில் போய்விட்டதும் தெரியும். இருபது வருடம் ஒரே சாப்பாட்டு டப்பாவில் பங்கு போட்டுச் சாப்பிட்டவன். அதற்குப் பிறகு அவரைக் கேட்டில் காவல் வேலைக்கு மாற்றினார்கள். அதற்கு மேல் அவர் சொன்னதில்லை, அவளும் கிளறியதில்லை.

"முந்தின நாள் சேஃப்டி வால்வு சொட்டிச்சு" என்றார், தரையைப் பார்த்து. "மாத்தணும்னு மூணு தடவை எழுதிக் கொடுத்திருந்தேன். மேனேஜர் வந்தான். ஆவி வீணாப் போகுது, இறுக்குன்னான். மாட்டேன்னேன். ரிட்டயர் ஆக ரெண்டு வருஷம் இருக்கு, ஒழுங்கா வீடு போய்ச் சேருன்னான். அரைச் சுத்து. இந்தக் கையாலதான் இறுக்கினேன். சொட்டு நின்னுடுச்சு. மறுநாள் உன் விரலைக் காட்ட டாக்டர்கிட்ட போனோமே... அன்னைக்கு என் ஷிஃப்டுல என் கூட்டாளி இருந்தான்."

ஸ்பேனர் தன் கருவிப் பையை எடுத்துக்கொண்டு நான்கு அடி தள்ளிப் போய், வேறு பக்கம் பார்த்து நின்றாள்.

"இங்க அந்தத் தொட்டி என் தலைக்குக் கீழேயே இருக்கு. முதல் நாள் சொட்டினதைப் பார்த்தேன். ரெஞ்சைக் கையில எடுத்தேன். இறுக்கவும் முடியலை. சொட்டட்டும்னு விட்டுட்டுப் படுக்கவும் முடியலை. அதான் அடைச்சுட்டேன்."

இந்த இடத்தில் அவள் ஓடிப்போய் அவர் தலையை மடியில் சாய்த்துக்கொண்டாள் என்று எழுதத்தான் எனக்கு ஆசை. ஆனால் அவள் அப்படிச் செய்யவில்லை. அவள் கோபம் இன்னும் ஒரு ஆள் உயரம் வளர்ந்தது.

"அந்த மேனேஜர் இருக்கானா, போயிட்டானா?"

"இருக்கான். பேரன் பேத்தி எடுத்துட்டான்."

"தினம் வெந்நீர்ல குளிக்கிறானா?"

அவர் விழித்தார். "குளிப்பான்... குளிக்காம என்ன?"

"குளிப்பான்ல? இறுக்கச் சொன்னவன் வெந்நீர்ல குளிப்பான். உங்க கூட்டாளி மண்ணுக்குள்ள போயிட்டான். நான் விரல் மடங்காம பச்சைத் தண்ணியில நிக்கணும். இது எந்த ஊர் நியாயம்? அவனுக்குப் போட வேண்டிய தண்டனையை எனக்குப் போட்டீங்களே, அவன் முகத்துக்கு நேரா நின்னு ஒரு கேள்வி கேட்டீங்களா இந்த ஆறு வருஷத்துல?"

"என் கைதானே இறுக்கிச்சு..."

"ஆமா, உங்க கைதான். இல்லைன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா 'பயமா இருக்கு'ன்னு ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல? சொன்னா வாய் வெந்துடுமா?"

"நீ எரிஞ்சு விழுவேன்னு..."

"இப்ப மட்டும் பூ தூவிக்கிட்டா இருக்கேன்?"

தள்ளி நின்ற ஸ்பேனருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, இருமி மறைத்தாள். அவருக்கும் உதடு ஒரு பக்கம் கோணியது. ஆனால் கண் நிறைந்திருந்தது.

அவள் உள்ளே போனாள். குழாயைத் திறந்து மணிக்கட்டின் உள்பக்கத்தில் விட்டுப் பார்த்தாள். சுட்டது. கொஞ்சம் பச்சைத் தண்ணீர் கலந்து, இரண்டு கையையும் ஒன்றாக நீட்டினாள். நாற்பத்தொரு நாளுக்குப் பிறகு இரண்டு கையும் ஒரே நேரத்தில்! சுண்டுவிரல் முதலில் அசைந்தது. பிறகு அடுத்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். கடைசியில் கட்டைவிரலும் உள்ளங்கையைத் தொட்டது.

"உள்ள வாங்க" என்று கத்தினாள்.

"எதுக்கு?"

"வாங்கன்னா வாங்க. தலையைக் குனிங்க."

சமையல் மேடையை ஒட்டிய, பாத்திரம் கழுவும் சின்னத் தொட்டியில் ஒரு ஆள் தலை சிரமப்பட்டுத்தான் நுழையும். அவர் குனிந்தார். இருபத்தாறு வருடம் ஊரார் தலையைக் கழுவியவள், கட்டிய கணவனின் தலையை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கழுவினாள். அன்பாகக் கழுவினாள் என்று சொல்ல முடியாது. பாத்திரம் துலக்குகிற வேகம். ஆனால் தண்ணீரின் சூடு மட்டும் ஒரு நூலிழைகூடத் தப்பவில்லை. கழுத்துப் பின்புறம் அந்த நீர் பட்டதும் அவர் தோள்கள் குலுங்கத் தொடங்கின. அவள் எதுவும் கேட்கவில்லை. கூடுதல் நேரம் தண்ணீர் விட்டாள்.

திடீரென்று அவர் சோப்பு நுரையோடு தலையைத் தூக்கினார். "நின்னுடுச்சு! சொட்டுச் சத்தம் நின்னுடுச்சு!"

வெளியிலிருந்து ஸ்பேனர் குரல் கொடுத்தாள். "ஐயா, குழாய் திறந்திருக்குல்ல? தண்ணி இந்தப் பக்கம் வருது, அந்தப் பக்கம் சொட்டலை. குழாயை மூடினதும் மறுபடி துப்பும். நான் இங்கேயேதான் நிக்கிறேன்."

"கேட்டுச்சா? குனிங்க" என்று அவள் தலையை அழுத்தினாள். "இன்னையிலிருந்து அந்தப் பக்கம் நான் படுத்துக்கறேன். தொட்டி என் தலைக்குக் கீழ இருக்கட்டும். வெளிய ஒரு தகர டம்ளரை வெச்சுடறேன், சொட்டு விழுந்தா உங்களுக்கு இங்க கேக்கும். எழுந்து எத்தனை தடவை வேணாலும் போய்ப் பாருங்க. ஆனா இனிமே அந்த வால்வைத் திருப்பினீங்க..."

முடிக்கவில்லை. மைதானத்துக்கு வெளியே சாலையில் பஸ் ஹாரன் கேட்டது. நாலு மணி. வெளியே ஸ்பேனர் ஒரு தகர டம்ளரைக் கொண்டுவந்து வால்வுக்குக் கீழே வைத்தாள். பஸ் நின்றது, யாரையோ ஏற்றிக்கொண்டது, போய்விட்டது.

அவர் துண்டால் தலையைத் துடைத்துக்கொண்டு, கதவோரம் நின்ற பெட்டியைப் பார்த்தார். பார்த்துவிட்டு மெதுவாக அதன் பூட்டில் கை வைத்தார்.

"அதைத் தொடாதீங்க" என்றாள் அவள், குழாயை மூடிக்கொண்டே. வெளியே தகரத்தில் 'டொக்' என்று ஒரு சொட்டு விழுந்தது. "பெட்டி அங்கேயே இருக்கட்டும். அடுத்த ஞாயித்துக்கிழமையும் நாலு மணிக்குப் பஸ் இருக்கு."